அன்னம் சொன்ன சாட்சி

அந்தத் தெருவில் அவளுக்குப் பெயர் வாத்தக்கா. வாத்துகள் வருவதற்கு முன் அவளுக்குப் பெயரே கிடையாது. ‘கடைசி வீட்டம்மா’ என்பார்கள்; அதுவும் ஏதாவது காரியம் ஆக வேண்டியிருந்தால்தான். புருஷன் போய்ச் சேர்ந்து, ஒரே மகள் வேறு ஊரில் வாழ்க்கைப்பட்டு, தன் சமையலைத் தானே குறை சொல்லிச் சாப்பிடும் ஒருத்தியைப் பெயர் வைத்துக் கூப்பிட யாருக்கு என்ன அவசரம்?

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி உருளைக்கு முன்னால் நிற்பது அவள் வேலை. பத்தொன்பது வருடமாக நிற்கிறாள். ஈரப் போர்வையின் இரு மூலைகளையும் பிடித்து, சுருக்கம் விழாமல் இழுத்து, கொதிக்கும் உருளைகளுக்கு நடுவே நுழைக்க வேண்டும். துணியைக் கொடுக்க வேண்டும், விரலைக் கொடுக்கக் கூடாது. இந்த ஒரு சூத்திரம்தான் அந்த வேலை. அதைக் கற்றுக்கொள்வதற்குள் அவளுடைய இடது கை ஆள்காட்டி விரலில் ரேகை அழிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தால் கொல்லையில் பதினோரு கோழிகள், ஒரு சேவல். பேச்சுத்துணைக்கு அவைதான். ஒரு மழைக்காலத்தில் கீரி வர ஆரம்பித்தது. ஒரே வாரத்தில் நான்கு கோழிகள் போயின. தின்றது பாதி, கடித்துப் போட்டது பாதி. மீந்த குஞ்சுகளைப் பருந்து கணக்குப் பண்ணிக்கொண்டிருந்தது. சலவைக்கூடத்தில் துணி மடிக்கிறவள்தான் யோசனை சொன்னாள்.

“நாய் வெச்சா அதுவே கோழியைத் தின்னும். பெருவாத்து வைக்கா. கூஸ் வாத்துன்னு விக்கிறாங்களே, கழுத்து நீளமா, அது. திருடனும் வரமாட்டான், கீரியும் வராது, சொந்தக்காரனும் வரமாட்டான்.”

மூன்றாவது வகையறா ஏற்கெனவே வருவதில்லை என்பதால் அந்தச் செலவு மட்டும் மிச்சம் என்று நினைத்துக்கொண்டு, பண்ணையிலிருந்து நான்கு குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் வாங்கி வந்தாள்.

பகலெல்லாம் அவள் காலைச் சுற்றியே திரிந்த குஞ்சுகள், பொழுது சாய்ந்தால் கூட்டுக்குள் போக மறுத்தன. ஒன்றைப் பிடித்து அடைத்தால் இன்னொன்று வெளியே வரும். பத்து மணி நேரம் நின்றுவிட்டு வந்த கால்களுக்கு இந்த விளையாட்டு தாங்கவில்லை. சலவைக்கூடத்தில் மூட்டை இறக்குகிறவர்கள் போடும் ஆரஞ்சு நிறக் கையில்லாச் சட்டை ஒன்று, தோளில் கிழிந்து, ஒதுக்கிய துணிகளோடு கிடந்தது. யாரிடமும் கேட்காமல் சாப்பாட்டுப் பைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள். அந்த வருடம்தான் ஒரு துண்டை வீட்டுக்கு எடுத்துப் போன ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, அன்றே அனுப்பிவிட்டிருந்தார்கள். அதனால் அந்தச் சட்டையைப் பற்றி இவள் வாயைத் திறக்கவில்லை, மடிக்கிறவளிடம்கூட.

சட்டையை நீளக் குச்சியில் கட்டி வீசினாள். குஞ்சுகள் அலறிக்கொண்டு கூட்டுக்குள் ஓடின. வேலை சுலபமாயிற்று. ஒன்றரை மாதம் தினமும் வீசினாள். ஒரு சாயங்காலம் அவசரத்தில் கதவை அறைந்து சாத்தியபோது நான்காவது குஞ்சின் கழுத்து நடுவில் மாட்டிக்கொண்டது. மற்ற மூன்றும் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தன. அதற்குப் பிறகு அவள் குச்சியைத் தொடவில்லை. தொடவேண்டிய தேவையும் இல்லை. மூன்றும் தாமாகவே அடையப் பழகிவிட்டன.

வளர்ந்ததில் ஒன்று ஆண். வெள்ளை உடம்பு, அலகுக்கு மேலே ஒரு புடைப்பு, கழுத்தை நிமிர்த்தி எல்லோரையும் ஒருபக்கக் கண்ணால் பார்க்கும் பார்வை. சலவைக்கூட மேலாளர் அப்படித்தான் நடப்பார் என்பதால் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தாள். ஆனால் நிஜ மேனேஜர் போலன்றி இது வேலை செய்தது. வானத்தில் பருந்தின் நிழல் தெரிந்தால் தலையைச் சாய்த்து ஒரு குரல் கொடுக்கும். கோழிகள் வாழைக்கடியில் பதுங்கும். கீரி ஒருமுறை வேலியைத் தாண்டி வந்தது. மேனேஜர் கழுத்தைத் தரையோடு தரையாக நீட்டிச் சீறிக்கொண்டு போய் இறக்கையால் அறைந்த அறையில், கீரி வந்த வழியை மறந்து வேறு வழியாக ஓடியது. அதன்பின் ஒரு கோழிகூடப் போகவில்லை. கொல்லை முழுக்க எச்சம், தொட்டித் தண்ணீர் தினமும் சேறு, புல் ஒன்று விடாமல் மொட்டை. போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

தெரு அவளைக் கவனிக்க ஆரம்பித்தது அப்போதுதான். பக்கவாட்டுக் கம்பிவலைக் கதவு வழியாகக் கொல்லையைப் பார்க்கலாம். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினார்கள். ‘வாத்தக்கா, வாத்தக்கா’ என்று குரல் கேட்கும்போதெல்லாம் அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். இப்படி வருடக்கணக்கில் யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை.

தெருச் சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பள்ளியிலிருந்துதான் ஓய்வு பெற்றிருந்தார், அதிகாரத்திலிருந்து அல்ல. அவரும் ஒருநாள் வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, இது வாத்தே அல்ல, அன்னம் என்று தீர்ப்புச் சொன்னார். பாலில் தண்ணீரைக் கலந்து வைத்தால் பாலை மட்டும் பிரித்துக் குடிக்கும் பறவை. நல்லது கெட்டது அறிந்த பறவை. பழைய நூல்களிலெல்லாம் இருக்கிறது. பழைய நூலில் இருப்பது பொய்யாகுமா என்று கேட்கிற படிப்பு அவருடையது. அன்றிலிருந்து மேனேஜரை அன்னம் என்று தெருவே கூப்பிட்டது.

வாத்தக்கா சோதித்துப் பார்த்தாள். ஒரு தட்டில் பாதிப் பால், பாதித் தண்ணீர். மேனேஜர் இரண்டையும் சேர்த்துக் குடித்து, தட்டில் காலை வைத்து ஏறி நின்று, அதிலேயே கழிந்தது. அடுத்த வீட்டுக்காரியிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் சிரிக்கவில்லை.

“இந்தக் காலத்துப் பால்ல ஏற்கெனவே தண்ணிதானேக்கா. அது எதைன்னு பிரிக்கும், பாவம்?”

நம்பிக்கைக்கு இப்படி ஒரு வசதி உண்டு. தோற்றாலும் ஜெயிக்கும்.

குப்பை வண்டி தள்ளிக்கொண்டு வருகிறவர் மூன்று வருடமாக அந்தத் தெருவுக்கு வருகிறார். ஒல்லியான மனிதர், முகமூடிக்கு மேலே நரைத்த புருவம் மட்டும் தெரியும். அவர் மணியை அடித்தால் ‘குப்பை வந்தாச்சு’ என்பார்கள். குப்பை இவர்களுடையது, வந்தது மனிதர் என்ற வித்தியாசம் அந்த வாக்கியத்தில் கிடையாது. கை படாமல் பையைத் தூக்கி எறிவார்கள். பை வெளியே விழுந்தால் அவர் குனிந்து எடுப்பார். அவருக்கு நகராட்சி கொடுத்த உடுப்பு, ஆரஞ்சு நிறக் கையில்லாச் சட்டை.

அவரைக் கண்டாலே மேனேஜர் அலறியது. பால்காரர் போனால் திரும்பிப் பார்க்காது, சிலிண்டர் ஆள் உருட்டிக்கொண்டு போனால் ஒரு சீறலோடு விட்டுவிடும். இவர் வண்டி முனையில் திரும்பியதுமே மூன்று வாத்துகளும் வலையில் வந்து மோதும். முதலில் தெருவே சிரித்தது. அவரும் சிரித்தார், “உங்க ஆளுக்கு என்னைப் பிடிக்கலக்கா” என்று. வாத்தக்கா சிரிக்கவில்லை. முதல் நாளே அவளுக்குத் தெரியும். சட்டையின் தோளில் கிழிசல் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு ஞாயிறு பகலில், தலைமையாசிரியர் வீட்டார் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, அவர் வீட்டு வாசலோரம் இருந்த தண்ணீர் மோட்டார் காணாமல் போனது. குழாயை அறுத்து நிதானமாகக் கழற்றியிருந்தார்கள். மறுநாள் காலை சங்கத்து ஆட்கள் பத்துப் பேர் அங்கே நின்று ஆளுக்கொரு திருடனைச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், வண்டி முனையில் திரும்பியது. கடைசி வீட்டிலிருந்து அன்னம் அலறியது.

தலைமையாசிரியர் கையை உயர்த்தினார். எல்லோரும் அமைதியானார்கள். அந்த அமைதியில் அலறல் இன்னும் பெரிதாகக் கேட்டது.

ஆனால் அவர் படித்தவர். எடுத்தோம் கவிழ்த்தோம் என்று முடிவு செய்யமாட்டார். முறைப்படி ஒரு பரிசோதனை வைத்தார். பால்காரர், பேப்பர் போடுகிறவர், சிலிண்டர் ஆள், குப்பை வண்டிக்காரர் என்று நான்கு பேரையும் வரிசையாக நிற்கவைத்து, ஒவ்வொருவராக வாத்தக்காவின் கம்பிவலைக் கதவைத் தாண்டி நடக்கச் சொன்னார். தெருவில் குடியிருக்கிற யாரையும் நடக்கச் சொல்லவில்லை. அது ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

வாத்தக்கா கதவுத் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு உள்ளே நின்றாள். வேலைக்குக் கிளம்பிய கோலம். பால்காரர் நடந்தார், மேனேஜர் தொட்டிச் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தது. பேப்பர்காரருக்குக் கழுத்தை நீட்டிவிட்டு மடக்கிக்கொண்டது. சிலிண்டர் ஆளுக்கு ஒரு சீறல். நான்காமவர் நடக்கவில்லை.

“சார், நான் இந்தச் சட்டையைக் கழட்டிட்டு நடக்கட்டுமா?”

“வேலை நேரத்துல உடுப்பைக் கழட்டக் கூடாது. அது விதி. நட.”

அவர் நடந்தார். மூன்று வாத்துகளும் வலையில் பாய்ந்தன. மேனேஜர் இறக்கையை விரித்து வலையை அறைந்ததில் கதவே ஆடியது. யாரோ “அப்பாடி” என்று பெருமூச்சு விட்டார்கள், நோய் என்னவென்று வைத்தியர் சொல்லிவிட்டது போல.

“ஏம்மா,” என்று தலைமையாசிரியர் அவளைப் பார்த்தார். “இது எல்லாரையும் பார்த்து இப்படிக் கத்துமா?”

“இல்ல சார்.”

“தெரியாதவங்களைப் பார்த்தாக் கத்துமோ?”

“கத்தும் சார்.”

“இவன் மூணு வருஷமா வரான். தெரியாதவனா?”

அவள் தாழ்ப்பாளைப் பார்த்தாள். குச்சியும் சட்டையும் பத்தடி தூரத்தில், கொட்டகையின் பின்சுவரில் சாத்தியிருந்தன. சொல்ல ஒரு நிமிடம் போதும். சொன்னால், அந்தச் சட்டை எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். தலைமையாசிரியரின் மருமகள் அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். சாயங்காலத்துக்குள் செய்தி மேலாளர் காதுக்குப் போகும். துண்டு எடுத்தவளை அனுப்பிய வழி இவளுக்கும் தெரியும். அது ஒரு பயம். இன்னொன்றும் இருந்தது, அதை அவள் தனக்கே பிற்பாடுதான் ஒப்புக்கொண்டாள். தெருவே தன் வாசலில் நிற்கிறது. தன் பதிலுக்குக் காத்திருக்கிறது. இது வெறும் வாத்து, வீசின துணியைப் பார்த்துப் பயப்படுகிறது என்று சொல்லிவிட்டால், நாளையிலிருந்து அவள் மறுபடியும் கடைசி வீட்டம்மா.

“அக்கா, நீங்க சொல்லுங்க,” என்றார் வண்டிக்காரர்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.

மனிதன் சாட்சி சொன்னால் நூறு குறுக்குக் கேள்வி கேட்கிறவர்கள், பறவையிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை; பறவை சொன்னது அவர்கள் ஏற்கெனவே நினைத்து வைத்திருந்ததைத்தான். போலீசுக்கு யாரும் போகவில்லை. அங்கே போனால் அன்னத்தைப் பற்றிப் பேச முடியாது என்ற அளவுக்குத் தலைமையாசிரியருக்கும் அறிவு இருந்தது. நகராட்சிக்குப் புகார் எழுதினார், ‘நம்பத்தகுந்த சூழ்நிலைச் சான்றுகளின் அடிப்படையில்’ என்று. இருபத்து மூன்று கையெழுத்துகள். பதினெட்டாவது வாத்தக்காவுடையது. பேனா அவள் கைக்கு வந்தபோது பதினேழு பேர் போட்டிருந்தார்கள், ஐந்து பேர் பின்னால் நின்றார்கள்.

மறுநாளிலிருந்து வண்டிக்காரர் வரவில்லை.

எட்டு நாள் குப்பை தெருவிலேயே நாறியது. ஒன்பதாம் நாள் புதிதாக ஒரு பெண் வண்டி தள்ளிக்கொண்டு வந்தாள். இருபது இருபத்திரண்டு வயதிருக்கும். ஆரஞ்சுச் சட்டை அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது. முனை திரும்பியதும் அன்னம் அலறியது. அந்தப் பெண் பயந்து வண்டியை விட்டுவிட்டாள். அடுத்த வீட்டுக்காரி வாசலில் நின்று, யாருக்கும் சொல்வதுபோல எல்லோருக்கும் சொன்னாள்.

“பாத்தீங்களா, இவளும் அதே கூட்டம்.”

அன்று வாத்தக்கா வேலைக்குப் போகவில்லை. பத்தொன்பது வருடத்தில் காய்ச்சல் இல்லாமல் போட்ட முதல் விடுப்பு. கொட்டகைக்குப் பின்னாலிருந்து குச்சியை எடுத்து, சட்டையை அவிழ்த்துக்கொண்டு, தலைமையாசிரியர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். குஞ்சு செத்ததையும் விடவில்லை. அவர் சாய்வு நாற்காலியில் இருந்தபடியே கேட்டார். பறவைக்கு நிறம் தெரியும் என்பதற்கு ஆதாரம் உண்டா என்றார். இதைப் போட்டுக்கொண்டு நீங்களே கதவைத் தாண்டி நடந்து பாருங்கள் சார் என்றாள். தான் எதற்கு அந்தச் சட்டையைப் போட வேண்டும் என்று அவருக்குக் கோபம் வந்தது.

அதனால் அவளே போட்டுக்கொண்டாள். தலையில் துணி கட்டி, வாயைத் துணியால் மூடி, வண்டி தள்ளும் பெண்ணும் பால்காரரும் அடுத்த வீட்டுக்காரியும், பின்னாலேயே வந்த தலைமையாசிரியரும் பார்த்திருக்க, தெருமுனையிலிருந்து தன் வீட்டை நோக்கி நடந்தாள். பேசவில்லை, பேசினால் குரலை அடையாளம் கண்டுகொள்ளும். பாதித் தூரத்தில் அலறல் ஆரம்பித்தது. அவள் நிற்காமல் போய்க் கதவைத் திறந்து உள்ளே நுழைந்தாள். உள்ளங்கையில் தவிடு ஊட்டி வளர்த்த வாத்து, கழுத்தை நீட்டிக்கொண்டு வந்து அவள் தொடையைக் கவ்வித் திருகியது. இறக்கையால் முழங்காலில் அடித்தது. அவள் அடி வாங்கிக்கொண்டே நின்று, பிறகு சட்டையைக் கழற்றி வேலிக்கு வெளியே எறிந்தாள். மேனேஜர் இரண்டடி பின்வாங்கி, தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது. பிறகு அவள் காலடிக்கு வந்து, வழக்கம்போல முணுமுணுக்க ஆரம்பித்தது.

இதைவிடச் சுத்தமாக ஒரு நிரூபணத்தை எந்த விஞ்ஞானக் கூடத்திலும் காட்ட முடியாது. தெரு பார்த்தது.

தலைமையாசிரியர்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “அப்படின்னா அன்னத்துக்கு உன்மேலயும் சந்தேகம்னுதானே அர்த்தம்? ஆஸ்பத்திரிச் சட்டையை நீ திருட்டுத்தனமாத்தானே எடுத்திருக்கே. அது சரியாத்தான் சொல்லியிருக்கு.”

“ஆமா, அதானே,” என்றாள் அடுத்த வீட்டுக்காரி. கூடியிருந்தவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி படர்ந்ததை வாத்தக்கா கண்ணால் பார்த்தாள். கையெழுத்துப் போட்ட இருபத்து மூன்று பேரில் இருபத்திரண்டு பேர் அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டிருப்பார்கள்.

மறுநாள் சட்டையைத் துவைத்து, தேய்த்து, மடித்து எடுத்துப்போய்ச் சலவைக்கூட மேலாளர் மேஜையில் வைத்தாள். அனுப்பிவிடுங்கள் என்று சொல்லாத குறைதான். அவர் அதைப் பிரித்துக் கிழிசலைப் பார்த்தார். “இது தரை துடைக்க ஒதுக்கினது. இதைப் போய் ஏம்மா தேச்சு எடுத்துட்டு வந்தே?” என்று அதைக் கூடைக்குள் போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போனார். வேலைக்கு ஆபத்தில்லை. எதற்குப் பயந்து வாயை மூடினாளோ அது ஒரு கந்தல்.

அரைநாள் விடுப்புப் போட்டுக்கொண்டு விசாரித்துப் போனாள். வண்டிக்காரரை ஊருக்கு வெளியே குப்பைக் கிடங்கில் பிரிக்கிற வேலைக்கு மாற்றியிருந்தார்கள். அவர் வீட்டிலிருந்து மூன்று பஸ். கிடங்கின் வாசலில், முழங்கால் வரை ரப்பர் பூட்சோடு, குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். முகமூடி இல்லாமல் அவள் அவரைப் பார்த்தது அன்றுதான் முதல்முறை. வாயோரம் ஒரு தழும்பு இருந்தது.

“வாங்கக்கா,” என்றார்.

அவள் எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். அவர் அவசரப்படுத்தாமல் கேட்டார்.

“சட்டைதான்னு எனக்குத் தெரியும்க்கா. ஒரு நாள் மழைன்னு சட்டைக்கு மேல நீலக் கோட்டு போட்டுட்டு வந்தேன். ஒரு சத்தம் இல்ல.”

“என்மேல கோவம் இருக்கும் உங்களுக்கு.”

“வாத்துமேல இல்லக்கா. அது சட்டையைப் பார்த்துக் கத்துச்சு.” கையை உதறினார். “நீங்க என்னைப் பார்த்தீங்க. பார்த்துட்டுச் சும்மா இருந்தீங்க.”

லாரி ஒன்று பின்பக்கமாக வந்தது. ஓரமா நில்லுங்கக்கா என்று அவள் தோளைத் தொடாமல், கையால் மட்டும் வழிகாட்டி விலக்கிவிட்டார். அவர் குழுவை யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டார்.

அவள் அங்கிருந்து நேராக நகராட்சி அலுவலகம் போனாள். புகார்ப் பிரிவில் கம்பிச் சன்னலுக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா. கொடுத்த புகார் பொய், அதைத் திரும்பப் பெற வேண்டும், என் சாட்சி இது என்றாள். புகார் கொடுக்கத்தான் படிவம் இருக்கிறது, புகார் பொய் என்று சொல்லப் படிவம் இல்லை என்றார் அவர். கெட்ட மனிதர் இல்லை; இரக்கப்பட்டு, இதிலேயே எழுதுங்கம்மா என்று ஒரு புகார்ப் படிவத்தை நீட்டினார். அவள் இரண்டு பக்கமும் நிறைய எழுதினாள். குச்சி, சட்டை, தாழ்ப்பாள், பதினெட்டாவது கையெழுத்து. ‘யார் மீது புகார்’ என்ற இடத்தில் தன் பெயரையும் வீட்டு எண்ணையும் எழுதினாள்.

குமாஸ்தா கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். அங்கே ஊழியர் எண் இருந்தால்தான் பதிவாகும் என்றார். அவளுக்கு எண் கிடையாது. இதில் சம்பந்தப்பட்ட ஊழியர் யார் என்று கேட்டார். சொன்னாள். அவர் பழைய பேரேட்டைப் புரட்டி, வண்டிக்காரரின் எண்ணைக் கண்டுபிடித்து, அவள் பெயரை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு அந்த இடத்தில் எழுதி, முத்திரை குத்தினார்.

“பதிஞ்சாச்சும்மா.”

“இதைப் படிச்சுப் பாப்பாங்களா?”

“படிக்கிறது மேலதிகாரி. எங்களுக்கு எண்ணிக்கைதான்.” பேரேட்டில் அந்தப் பெயருக்கு நேரே ஒன்று என்று இருந்ததை அடித்து இரண்டு என்று திருத்தினார். “ரெண்டாவது புகார். மூணு வந்தா ஆளை நிறுத்திடுவாங்க.”

அவள் படிவத்தைத் திரும்பக் கேட்டாள். முத்திரை விழுந்த தாளைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று அவர் சொன்னார்; அடுத்து நின்றவரைக் கூப்பிட்டார். அவள் சன்னலை விட்டு நகரவில்லை. கம்பி இடைவெளியில் கையை விட்டு அந்தத் தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விடும்மா, கிழிஞ்சிடும் என்றார் குமாஸ்தா.